வீட்டு ஃபைபர் இணைப்பில் சர்வர்: டைனமிக் டிஎன்எஸ் எதுவரை உதவும்?

திருப்பூரில் எம்ப்ராய்டரி டிசைன் பஞ்சிங் செய்து கொடுக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: பெருமாநல்லூரில் உள்ள வீட்டில் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, கோப்புகளைச் சேமித்துப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளில் டிசைன் கோப்புகளை வைத்திருக்கிறீர்கள், அவற்றை அவிநாசியில் உள்ள ஜாப் ஒர்க் யூனிட்டிலிருந்தும் பார்ட்டிகளின், அதாவது வாடிக்கையாளர்களின், அலுவலகங்களிலிருந்தும் திறக்க வேண்டும், ரவுட்டர் அணைந்து எழும்போதெல்லாம் ஐபி முகவரி மாறிவிடுவதால், டக்டிஎன்எஸ் என்ற இலவச டைனமிக் டிஎன்எஸ் சேவையில் பெயர் ஒன்றை எடுத்து, வெளியிலிருந்து வரும் கோரிக்கையைச் சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வேர்டிங்கும் ரவுட்டரில் செய்துவிட்டீர்கள், இருந்தும் வெளியிலிருந்து பக்கம் திறக்கவில்லை. வீட்டு விண்டோஸ் கணினியில் உள்ள டேலியையும் இதே வழியில் வெளியிலிருந்து இயக்கலாமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் டைனமிக் டிஎன்எஸ்ஸில் இல்லை. அது செய்வது ஒரே ஒரு வேலைதான். உங்கள் வீட்டில் ஓடும் சிறு நிரல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை சேவையின் சர்வருக்கு ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. அந்தக் கோரிக்கை எந்த முகவரியிலிருந்து வந்தது என்று பார்த்து, உங்கள் பெயருக்கு எதிரே உள்ள ஏ பதிவில், அதாவது பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவில், அந்த முகவரியை அச்சேவை எழுதிக்கொள்கிறது. அந்தப் பதிவுக்கு 60 நொடி, 300 நொடி என்பதைப் போன்ற குறுகிய ஆயுளே தரப்படுவதால், உலகின் மற்ற டிஎன்எஸ் சர்வர்கள் பழைய விடையை வெகுநேரம் நினைவில் வைத்திருக்காமல் மீண்டும் வந்து கேட்கின்றன. அவ்வளவுதான். பெயரைக் கேட்பவருக்கு இன்றைய முகவரியைச் சொல்வதோடு அதன் பொறுப்பு முடிந்துவிடுகிறது. அந்த முகவரிக்கு வருகிறவர் உங்கள் கணினியை வந்தடைய முடியுமா, வந்தடைவது பாதுகாப்பானதா என்ற இரண்டு பெரிய கேள்விகளும் அதற்கு வெளியே நிற்கின்றன. சிக்கலில் மாட்டிக்கொள்பவர்களில் பலர் இந்த இரண்டில் முதலாவதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே வேறு எதையும் தொடும் முன் ஒரு சோதனையைச் செய்யுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் சென்று, வேன் (WAN) அல்லது இன்டர்நெட் நிலை என்ற பகுதியில் காட்டப்படும் ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இணைப்பில் உலாவியைத் திறந்து, உங்கள் ஐபியைக் காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தில் வரும் முகவரியைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கென்று பொது முகவரி இருக்கிறது. ரவுட்டரில் உள்ள எண் 100.64 முதல் 100.127 வரையிலான ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்கள் சேவை நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். இதைத்தான் சிஜிநாட் என்கிறார்கள். 10 என்று தொடங்கினாலும், ஃபைபர் நேராக வந்து முடியும் பெட்டியிலேயே அந்த எண் காட்டப்பட்டால், நிலைமை பெரும்பாலும் அதுவேதான். 192.168 என்று தொடங்கினால் வேறொரு காரணமும் இருக்கலாம்: ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டி ஒரு ரவுட்டராகவும், அதன் பின் நீங்கள் வாங்கி மாட்டிய வைஃபை பெட்டி இன்னொரு ரவுட்டராகவும் வேலை செய்துகொண்டிருக்கலாம். அப்படியானால் ஓஎன்டி ரவுட்டராக வேலை செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு அதை மாற்றித் தரச் சொல்லி, இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் உங்கள் ரவுட்டரிலேயே போட்டுக்கொண்டால் ஓர் அடுக்கு குறைந்துவிடும். அதன் பிறகு சோதனையை மறுபடி செய்து பார்க்க வேண்டும்.

சிஜிநாட் ஏன் வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், உள்ளூர் ஆபரேட்டரிடம் என்ன கேட்பது என்பதும் தெளிவாகும். பழைய ஐபிவி4 முகவரி 32 பிட் கொண்டது. எல்லாவற்றையும் கூட்டினாலும் சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலக அளவில் ஒதுக்குவதற்கு மிச்சமிருந்த தொகுதிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்தன. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான பதிவகமும் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதிக்கு வந்து, அதன் பின் சிறு சிறு பங்காகவே கொடுக்கத் தொடங்கியது. இந்தியாவில் வீடுதோறும் ஃபைபர் வந்தது இதற்குப் பிறகுதான். எனவே பின்னால் வந்த நிறுவனங்களிடமும், ஊர்தோறும் கேபிள் டிவி ஆபரேட்டர்கள் வழியாக இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்களிடமும், ஆளுக்கொரு பொது முகவரி கொடுக்கும் அளவுக்குக் கையிருப்பு இருப்பது அரிது. 100.64 என்று தொடங்கும் தொகுதியே 2012இல் இந்தப் பகிர்வுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டதுதான்.

திருப்பூர் லைன் வீட்டை நினைத்துப் பாருங்கள். பத்துக் குடித்தனங்களுக்கும் வாசலில் ஒரே கதவு எண். உள்ளேயிருந்து ஒருவர் கடிதம் போட்டால், அதற்கான பதில் யாருக்கு என்று வீட்டுக்காரர் குறித்து வைத்திருந்து சரியான வீட்டில் கொடுத்துவிடுவார். வெளியாள் ஒருவர் தானாக வந்து கதவு எண்ணை மட்டும் சொன்னால், எந்தக் குடித்தனத்துக்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் உங்கள் ரவுட்டரில் செய்த போர்ட் ஃபார்வேர்டிங் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்ததைப் போன்றது. முன்வாசலில் இருக்கும் நிறுவனத்தின் பெட்டியில் உங்களால் எதையும் மாற்ற முடியாது. இதில் ஏமாற்றும் அம்சம் ஒன்றும் உண்டு. டக்டிஎன்எஸ் நிரல் அந்தப் பகிர்வு முகவரியையே சரியான முகவரி என்று பதிவு செய்துவிடும். பெயரைக் கேட்டால் முகவரி கிடைத்துவிடும். மறுமுனையில் கருவி இருக்கிறதா என்று பார்க்கும் பிங் அனுப்பினால் நிறுவனத்தின் கருவி பதில்கூடத் தரலாம். எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும், பக்கம் மட்டும் திறக்காது. நீங்கள் விவரித்த அறிகுறிகள் இதோடுதான் பெரிதும் ஒத்துப்போகின்றன.

சோதனையில் சிஜிநாட் என்று தெரிந்தால் உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. நிறுவனத்திடம் நிலையான ஐபி கேட்டு, அதற்குரிய கட்டணத்தைக் கட்டுவது முதல் வழி. கொடுக்க முன்வந்தால் இதுவே மிகவும் நேரானது, டைனமிக் டிஎன்எஸ்ஸே தேவைப்படாது. ஆனால் கட்டணம் கட்டும் முன், உங்கள் திட்டத்தின் நிபந்தனைகளில் சர்வர் வைக்க அனுமதி உண்டா, உள்வரும் 80, 443 போர்ட்டுகள் திறந்திருக்குமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுத் திட்டங்களில் இவற்றைத் தடுத்து, வணிகத் திட்டத்தில் மட்டும் அனுமதிக்கும் நிறுவனங்கள் உண்டு. உள்ளூரில் இணைப்புக் கொடுக்க வரும் தம்பிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புவதே பயன் தரும்.

இரண்டாவது வழி, ஐபிவி4க்கு அடுத்து வந்த புதிய முகவரி முறையான ஐபிவி6. இதைப் பலரும் கவனிப்பதேயில்லை என்பது எனக்கு வருத்தம். ஐபிவி6 பயன்பாட்டில் உலகில் முன்வரிசையில் நிற்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கைபேசி இணைப்புகளில் அது வெகுவாகப் பரவியிருக்கிறது. உங்கள் இணைப்பில் அது இருந்தால், வீட்டில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிப் பொது முகவரி கிடைத்துவிடும். பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் நாட் முறையோ போர்ட் ஃபார்வேர்டிங்கோ தேவையில்லை, ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்த ஒரு கணினியின் 443ஆம் போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். ஆனால் இங்கே டைனமிக் டிஎன்எஸ் மீண்டும் தேவைப்படுகிறது, ஏனெனில் நிறுவனம் தரும் முன்னொட்டும், அதாவது முகவரியின் முன்பகுதியும், அவ்வப்போது மாறக்கூடும். புதுப்பிக்கும் நிரலை ரவுட்டரில் ஓடவிடாமல் சர்வரிலேயே ஓடவிட வேண்டும். ரவுட்டருக்கு ஒரு முகவரி, சர்வருக்கு வேறொரு முகவரி என்பதால், ரவுட்டர் தன் முகவரியைப் பதிவு செய்தால் பயனில்லை. பதிவும் ஏ வகையாக இல்லாமல், ஐபிவி6 முகவரிக்கான ஏஏஏஏ (AAAA) வகையாக இருக்க வேண்டும். சர்வர் வெளியே செல்லும்போது தனியுரிமைக்காக அடிக்கடி மாறும் தற்காலிக முகவரியைப் பயன்படுத்துமானால், அந்த அமைப்பை நிறுத்தி, நிலையான பின்பகுதி கொண்ட முகவரியைப் பதியச் செய்யுங்கள். இந்த வழியில் ஒரு குறை உண்டு: உங்கள் கைபேசியில் திறக்கும் பக்கம், ஐபிவி6 இல்லாத பார்ட்டியின் அலுவலக இணைப்பில் திறக்காது. அவிநாசி யூனிட்டில் என்ன இணைப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது வழி, வெளியிலிருந்து உள்ளே வரும் பாதையைத் தேடாமல், உள்ளேயிருந்து வெளியே ஒரு சுரங்கத்தை அமைப்பது. சிஜிநாட் வெளியே செல்லும் இணைப்பைத் தடுப்பதில்லை என்பதே இதன் அடிப்படை. டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள், நீங்கள் சேர்த்த கணினிகளையும் கைபேசிகளையும் தனி வலையாகக் கோர்த்துத் தருகின்றன. உள்ளே ஓடுவது வயர்கார்டு என்ற நெறிமுறை, 2020இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது. இன்னொருவரின் சேவையைச் சார விருப்பமில்லையென்றால், பொது முகவரியுடன் மாத வாடகைக்குக் கிடைக்கும் சிறிய கிளவுட் சர்வர் ஒன்றை எடுத்து, வீட்டுச் சர்வரை வயர்கார்டு வழியாக அதோடு இணைத்து, அங்கே வரும் கோரிக்கைகளை வீட்டுக்குத் திருப்பிவிடலாம். கிளவுட்ஃப்ளேரின் டனல் சேவையும் இதே வகைதான். ஆனால் அதில் மறையாக்கம் அவர்களது சர்வரில் அவிழ்ந்து மறுபடி கட்டப்படுகிறது, அதாவது உள்ளடக்கம் அவர்கள் கையைக் கடந்துதான் வருகிறது, இலவசத் திட்டத்தில் ஒரே கோரிக்கையில் 100 எம்பிக்கு மேல் ஏற்றவும் முடியாது. பஞ்சிங் செய்த டிஎஸ்டி கோப்புகள் சிறியவை என்பதால் அளவு உங்களுக்குப் பொருட்டில்லை. ஆனால் பார்ட்டி நம்பிக் கொடுத்த டிசைன் மூன்றாம் நபரின் சர்வர் வழியாகச் செல்வதில் உங்களுக்கும் அவர்களுக்கும் சம்மதமா என்பதை யோசித்தே தீர்மானிக்க வேண்டும்.

சோதனையில் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது என்று தெரிந்தால், டைனமிக் டிஎன்எஸ் உங்களுக்கு உண்மையிலேயே பொருந்தும். அப்போது அதை நன்றாகச் செய்ய வேண்டும். முதலில், வீட்டுக்குள் சர்வருக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும்படி ரவுட்டரில் முன்பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் சர்வர் வேறு எண்ணை வாங்கிக்கொள்ள, திருப்பிவிட்ட போர்ட் வீட்டு டிவியைப் போய்த் தட்டிக்கொண்டிருக்கும். நெக்ஸ்ட்கிளவுடின் அமைப்புக் கோப்பில் நம்பத்தகுந்த டொமைன்கள் என்ற பட்டியலில் உங்கள் புதிய பெயரைச் சேர்க்காவிட்டால், கோரிக்கை வந்து சேர்ந்தாலும் அது உள்ளே விடாது. சோதிக்கும்போது வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, கைபேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து சோதியுங்கள். வீட்டுக்குள்ளிருந்தபடியே தன் பொது முகவரிக்குச் சென்று திரும்பும் கோரிக்கையைப் பல ரவுட்டர்கள் கையாளுவதில்லை. அதனால் வெளியே சரியாக வேலை செய்யும் பக்கம் வீட்டுக்குள் திறக்காமல் போகலாம்.

பெயரைப் பொறுத்தவரை, இலவசச் சேவையின் பெயரைப் பார்ட்டிகளிடம் நேரடியாகக் கொடுக்காதீர்கள். சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, அதன் கீழ் ஒரு துணைப்பெயரை, ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் சிநேம் பதிவின் மூலம் டக்டிஎன்எஸ் பெயருக்குச் சுட்டிக்காட்டுங்கள். பின்னாளில் சேவையை மாற்றினாலும் பார்ட்டிகள் அறிந்த பெயர் மாறாது. இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. இத்துறையில் முன்னோடியான டின்டிஎன்எஸ் தன் இலவசச் சேவையை 2014இல் நிறுத்தியது. அதே ஆண்டு ஜூன் இறுதியில், தீநிரல்களை ஒடுக்குவதற்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அமெரிக்க நீதிமன்ற ஆணை பெற்று, நோஐபி சேவையின் டொமைன்கள் பலவற்றைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டபோது, எந்தத் தவறும் செய்யாத ஏராளமான பயனர்களின் பெயர்களும் சேர்ந்து முடங்கின. இன்றும் நோஐபியின் இலவசப் பெயரை 30 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்யாவிட்டால் அது காலாவதியாகிவிடும். சீசன் நேரத்தில் பார்ட்டி டிசைனைத் தேடும்போது பெயர் காலாவதியாகி நிற்பதை உங்கள் தொழில் தாங்காது.

இனி பாதுகாப்பு. இதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இருக்கிறது. டேலி உள்ள விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை, அதாவது 3389ஆம் போர்ட்டை, வெளியுலகுக்கு எந்தக் காரணத்துக்காகவும் திறந்துவிடாதீர்கள். போர்ட் எண்ணை மாற்றி வைத்தால் போதும் என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். எல்லாப் போர்ட்டுகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இணையத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2019 மே மாதத்தில் வெளிவந்த புளூகீப் என்ற ஓட்டை, கடவுச்சொல்லே தெரியாமல் பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் இந்தப் போர்ட் வழியாக நுழைய வழிவிட்டது. கணக்குக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் உள்ளே வரும் முக்கிய வாசல்களில் இதுவும் ஒன்று. ஜிஎஸ்டி கணக்கு முழுவதும் இருக்கும் கணினியை அந்த வாசலில் வைக்கக் கூடாது. டேலி வேண்டுமென்றால் வயர்கார்டு சுரங்கத்துக்குள் மட்டும் வையுங்கள். சாவி இல்லாத கோரிக்கைக்கு வயர்கார்டு பதிலே சொல்வதில்லை என்பதால், தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. அவிநாசி யூனிட்டின் கணினியையும் உங்கள் கைபேசியையும் அதே சுரங்கத்தில் சேர்த்துவிட்டால், பார்ட்டிகளுக்கென்று நெக்ஸ்ட்கிளவுடின் 443ஐ மட்டும் திறந்தால் போதுமானது. லினக்ஸ் சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் எஸ்எஸ்எச்சையும் சுரங்கத்துக்குள்ளேயே வைத்து, கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, சாவி மூலம் மட்டும் நுழையும்படி அமையுங்கள்.

443இல் மறையாக்கச் சான்றிதழ் இல்லாமல் பக்கத்தைத் திறக்க வேண்டாம். லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழ் 90 நாள் செல்லுபடியாகும். தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிடலாம். 80ஆம் போர்ட் தடுக்கப்பட்டிருந்தால், டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் பதிவை எழுதி உரிமையை நிரூபிக்கும் முறை உண்டு. டக்டிஎன்எஸ் அதற்கு இடம் தருகிறது. சான்றிதழ் வாங்கிய உடனேயே உங்கள் பெயர் பொதுவெளியில் உள்ள சான்றிதழ் பதிவேடுகளில் ஏறிவிடும், அவற்றைப் பார்த்து முதல் தட்டல்கள் விரைவிலேயே வரத் தொடங்கும். ஆகையால் கடவுச்சொற்கள், இரட்டை உறுதிப்பாடு, நெக்ஸ்ட்கிளவுட் புதுப்பிப்புகள் ஆகியவற்றையெல்லாம் முடித்த பிறகே சான்றிதழுக்குச் செல்லுங்கள்.

கேமராவின் காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிக்கும் போர்ட் திறந்து வைத்திருப்பதாகக் கேள்வியின் ஓரத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை இன்றே மூடிவிடுங்கள். 2016 அக்டோபர் 21ஆம் தேதி, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட டிவிஆர்களும் கேமராக்களும் ரவுட்டர்களும் மிராய் என்ற தீநிரலின் படையாகி, ஒரு டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கி அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பலவற்றைப் பல மணி நேரம் முடக்கின. தாக்கப்பட்ட அந்த டின் நிறுவனம், மேலே சொன்ன டின்டிஎன்எஸ் சேவையை நடத்தியதே ஆகும். வீட்டுக் கருவிகளுக்குப் பெயர் கொடுத்து வளர்ந்த நிறுவனம், கவனிப்பாரற்ற வீட்டுக் கருவிகளாலேயே வீழ்த்தப்பட்டது. கேமராவைச் சுரங்கத்துக்குள் வைத்தே கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மின்னஞ்சல் சர்வரை மட்டும் வீட்டில் வைக்க நினைக்காதீர்கள். மின்னஞ்சல் செல்லும் 25ஆம் போர்ட்டைப் பல இணைய நிறுவனங்கள் தடுக்கின்றன. தடுக்காவிட்டாலும், வீட்டு இணைப்புகளின் முகவரிகளை அஞ்சல் தடுப்புப் பட்டியல்கள் முன்கூட்டியே குறித்து வைத்திருப்பதால், உங்கள் கடிதங்கள் பார்ட்டியின் ஸ்பேம் பெட்டியில்தான் விழும்.

கடைசியாக மின்சாரம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் போகும் மின்சாரம் மாலையில்தான் திரும்புகிறது. அன்று முழுவதும் உங்கள் பெயர் பழைய முகவரியையே சுட்டிக்கொண்டிருக்கும். அந்த முகவரியை நிறுவனம் இதற்குள் வேறொரு வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கலாம். அப்போது உங்கள் பார்ட்டி சென்று சேர்வது யாரோ ஒருவரின் கருவியில். சான்றிதழ் பொருந்தாததால் உலாவி எச்சரிக்கும்; அந்த எச்சரிக்கையைத் தாண்டிச் சென்று கடவுச்சொல்லை இடக் கூடாது என்று பார்ட்டிகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். சிறு தடைகளுக்கு ஓஎன்டி, ரவுட்டர், சர்வர் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள். சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் போட்டு ஓஎன்டியைச் சுவரில் விட்டால் இணைப்பு அறுந்து முகவரி மாறத்தான் செய்யும். கணினியின் பயாஸ் அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும்படி வையுங்கள். புதுப்பிக்கும் நிரலை லினக்ஸில் நேரம் வைத்து நிரல்களை ஓட்டும் கிரான் மூலம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடுவதோடு, கணினி எழுந்து வலை இணைப்பு கிடைத்ததும் ஒருமுறை ஓடும்படியும் அமைத்துவிட்டால், மின்சாரம் வந்த சில நிமிடங்களில் பெயர் சரியான முகவரிக்குத் திரும்பிவிடும்.